சடங்குகள் எதற்காக? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சடங்கு என்று பேச்செடுத்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். ‘பெரியவர்கள் காரணம் இல்லாமலா செய்துவைத்தார்கள்’ என்று ஒரு பக்கம், ‘எல்லாம் வெட்டி வேலை’ என்று இன்னொரு பக்கம். சடங்கு மனிதர்களிடம் என்னதான் செய்கிறது என்பதை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு அந்த ஆராய்ச்சிகளை வைத்துப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். நான் எந்தக் கட்சி என்பது போகப் போகத் தெரிந்துவிடும்.

சடங்குக்கும் பழக்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

அழுக்குப் போகக் கை கழுவுகிறீர்கள். அழுக்குப் போனதும் நிறுத்திவிடுவீர்கள். எத்தனை முறை, எந்தக் கை முதலில் என்பதெல்லாம் பொருட்டல்ல. அதே கையை வழிபாட்டுக்கு முன்னால் கழுவும்போது, கை ஏற்கெனவே சுத்தமாக இருந்தாலும் கழுவியாக வேண்டும். மூன்று முறை என்றால் மூன்று முறைதான். செயலுக்கும் பயனுக்கும் இடையே நேரடித் தொடர்பு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முறை மட்டும் மாறக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் அதைச் சடங்கு எனலாம்.

மதம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நீதிபதி உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்பது, பட்டமளிப்பு விழாவில் அங்கி போடுவது, பதவிப்பிரமாணம் எல்லாமே சடங்குதான். இதற்கு மேல் இலக்கணம் வகுப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் உதாரணங்களை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கலாம், பயன் ஒன்றும் இருக்காது.

மனிதர்கள் எப்போதிலிருந்து சடங்கு செய்கிறார்கள்?

எழுத்து, சக்கரம், விவசாயம் எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே. ரஷ்யாவில் சுங்கிர் என்ற இடத்தில் சுமார் 34,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழிகள் கிடைத்தன. ஒரு ஆணையும் இரண்டு சிறுவர்களையும் புதைத்தபோது மாமூத் யானைத் தந்தத்தில் செதுக்கிய மணிகளைக் கூடவே வைத்திருக்கிறார்கள். மொத்தம் 13,000 மணிகளுக்கு மேல். வேட்டையாடினால்தான் சாப்பாடு என்று வாழ்ந்தவர்கள், மண்ணுக்குள் போகப் போகும் பொருளுக்காக அத்தனை நாள் உட்கார்ந்து தந்தத்தைத் தேய்த்திருக்கிறார்கள்.

அப்புறம் துருக்கியின் தென்கிழக்கில் இருக்கும் கோபெக்லி தெபே. ஐந்து மீட்டருக்கும் மேல் உயரமுள்ள கல் தூண்களை வட்டமாக நட்டு, அவற்றில் நரி, பாம்பு, கழுகு எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். காலம் ஏறத்தாழ கி.மு. 9500. பயிர் வைக்கத் தொடங்காத மக்கள் செய்த வேலை. அங்கே 1995 முதல் அகழாய்வு நடத்திய கிளாஸ் ஷ்மிட், ‘முதலில் கோயில் வந்தது, நகரம் பிறகுதான் வந்தது’ என்ற கருத்தை முன்வைத்தார். பின்னர் அதே இடத்தில் குடியிருப்புக்கான தடயங்களும் கிடைத்ததால் அந்தக் கருத்து இப்போது அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. ஆனால் வயிற்றுப்பாடு தீர்ந்த பிறகுதான் மனிதனுக்குச் சடங்கு வந்தது என்ற பழைய எண்ணத்தை இனி யாரும் சொல்ல முடியாது.

சரி, சடங்கு அப்படி என்ன வேலை செய்கிறது?

பல வேலைகள். அதில் முக்கியமானது ஒன்று என்று எனக்குப் படுகிறது: ஒரு மாற்றத்தை எல்லோர் முன்னிலையிலும் உறுதியாக்குவது. நேற்றுவரை சிறுவன், இன்று பெரியவன். நேற்றுவரை தனியாள், இன்று இன்னாருடைய துணை. நேற்றுவரை நம்மோடு இருந்தவர், இன்று இல்லாதவர். உடம்பில் நடக்கும் மாற்றங்களுக்கு நாள், நேரம் கிடையாது. எந்தக் காலையில் ஒரு பையன் பெரியவனாக எழுந்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. சமூகத்துக்கோ ஒரு கோடு வேண்டியிருக்கிறது. அதைப் போட்டுக் காட்டுவதுதான் சடங்கு.

1909இல் அர்னால்டு வான் கெனப் என்ற ஆய்வாளர், பிறப்பு, பருவம், திருமணம், சாவு என உலகெங்கும் உள்ள சடங்குகளை ஒப்பிட்டு, அவற்றுக்குள் ஒரே அமைப்பு இருப்பதைக் காட்டினார். முதலில் ஆளைப் பழைய நிலையிலிருந்து பிரிக்கிறார்கள். பிறகு அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் கொஞ்ச நாள் வைக்கிறார்கள். கடைசியில் புதிய நிலையில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். தனிக் குடிசை, மொட்டையடித்தல், பேசக் கூடாது, இன்னாரைப் பார்க்கக் கூடாது என்பவையெல்லாம் அந்த நடுக்கட்டத்துக்கு உரியவை.

இந்த நடுக்கட்டத்தைத்தான் விக்டர் டர்னர் 1950களில், இன்றைய ஜாம்பியாவில் உள்ள டெம்பு மக்களிடம் தங்கி ஆராய்ந்தார். அவர் விவரிக்கும் ஒரு சடங்கு எனக்கு மிகவும் பிடித்தது. புதிய தலைவர் பதவி ஏற்பதற்கு முந்தைய இரவு, அவரையும் மனைவியையும் கந்தைத் துணி உடுத்தி, ஊருக்கு வெளியே ஒரு சிறு குடிசையில் தலைகுனிந்து உட்கார வைக்கிறார்கள். சடங்கை நடத்துபவர் அவரைப் பார்த்து, ‘நீ சுயநலக்காரன், கஞ்சன், முன்கோபி’ என்று வசைபாடத் தொடங்குகிறார். அதன் பிறகு அவரால் என்றைக்காவது பாதிக்கப்பட்ட யாரும் வந்து மனதில் இருப்பதையெல்லாம் கொட்டலாம். தலைவராகப் போகிறவர் வாயே திறக்கக் கூடாது. பதவிக்கு வந்த பிறகு அன்று திட்டியவர்கள் யார் மீதும் வன்மம் வைக்கக் கூடாது. பதவி ஏற்பு என்றால் மாலையும் பாராட்டும் மட்டுமே என்று பழகிய நமக்கு இது அதிர்ச்சி. அதிகாரம் கொடுப்பதற்கு முன்னால், அது யாரிடமிருந்து வருகிறது என்பதை அந்த ஒரு இரவில் அவருக்கு உறைக்கும்படி சொல்லிவிடுகிறார்கள்.

வார்த்தையோ முறையோ கொஞ்சம் பிசகினால் என்ன கெட்டுவிடும்?

20 ஜனவரி 2009. பராக் ஒபாமா அமெரிக்க அதிபராக உறுதிமொழி எடுக்கிறார். வாசகத்தைச் சொல்லிக்கொடுத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒரு சொல்லை இடம் மாற்றிச் சொல்லிவிட்டார். பின்னால் சொன்னவரும் தடுமாறினார். சட்டப்படி பார்த்தால், நண்பகலில் பழைய அதிபரின் காலம் முடிந்ததுமே ஒபாமா அதிபராகிவிட்டார். ஆனாலும் மறுநாள் மாலை வெள்ளை மாளிகையின் ஓர் அறையில், ஒரு சிலர் முன்னிலையில், அதே நீதிபதி அதே உறுதிமொழியை மறுபடியும் செய்துவைத்தார். உலகமே நேரலையில் பார்த்த நிகழ்ச்சி, பொருள் ஒரு துளியும் மாறவில்லை. அப்படியும் ஒரு சொல் இடம் மாறியது உறுத்தியிருக்கிறது.

‘நான் உறுதி கூறுகிறேன்’, ‘நீங்கள் இனி கணவன் மனைவி’ போன்ற வாக்கியங்கள் செய்தி சொல்பவை அல்ல, காரியத்தை நடத்துபவை என்று தத்துவ அறிஞர் ஜே.எல். ஆஸ்டின் விளக்கினார். சொல்ல வேண்டியவர், சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னால்தான் காரியம் நடக்கும். நாளைக்கு யாரும் ‘அது செல்லாது’ என்று கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை கறார்.

நம்பிக்கை இல்லாமல், ஏதோ ஒப்புக்குச் செய்தால் பயன் உண்டா?

உண்டு. கேட்பவர்கள் பலரும் எதிர்பார்க்காத பதில் இது.

பப்புவா நியூகினியில் ஆய்வு செய்த ராய் ராப்பபோர்ட் இதைத் தெளிவாக வைத்தார். சடங்கில் பங்கெடுப்பவர் மனதுக்குள் என்ன நினைக்கிறார் என்பது வெளியே தெரியாது. ஆனால் எல்லோரும் பார்க்க அவர் அதில் நின்றார் என்பது தெரியும். அந்த விதிகளை ஏற்கிறேன் என்று அவர் ஊரறியச் சொல்லிவிட்டார். பிறகு மீறினால், மீறியவர் என்று சொல்ல ஊருக்கு உரிமை வந்துவிடுகிறது. மணமேடையில் நிற்கும்போது மனதில் ஆயிரம் சந்தேகம் ஓடியிருக்கலாம். அதைக் காட்டி நாளைக்குத் திருமணமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

மனம் ஒன்றிச் செய்வது நல்லதுதான், யார் இல்லை என்றது. ஆனால் எல்லோருக்கும் எல்லா நாளும் மனம் ஒன்றாது. அந்த நாட்களிலும் அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்ளும்படி சடங்கு அமைந்திருக்கிறது.

கூட்டமாகச் சேர்ந்து செய்யும்போது ஒரு வேகம் வருகிறதே, அது எதனால்?

சமூகவியல் அறிஞர் எமில் துர்கைம் 1912இல் இதைப் பற்றி எழுதினார். சிதறிக் கிடப்பவர்கள் ஓரிடத்தில் கூடி, ஒரே தாளத்தில் ஆடிப் பாடும்போது ஒரு பொங்குதல் உண்டாகிறது. தன்னைவிடப் பெரிய ஒன்று தன்னைத் தாங்குவதாக ஒவ்வொருவருக்கும் தோன்றுகிறது. அந்தப் பெரிய ஒன்று அந்தச் சமூகமேதான் என்பது அவர் வாதம்.

அன்று அவர் ஊகித்ததை இன்று கருவி வைத்து அளந்து பார்க்கிறார்கள். ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற ஊரில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தீமிதி நடக்கும். தீமிதிப்பவர்கள் பெரும்பாலும் யாரையாவது முதுகில் சுமந்துகொண்டுதான் நடப்பார்கள். ஓர் ஆய்வுக் குழு, மிதித்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டது. 2011இல் வெளியான முடிவு: மிதித்தவரின் துடிப்பு ஏறி இறங்கிய அதே போக்கில், சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியிருக்கிறது. அதே இடத்தில் அதே காட்சியைப் பார்த்த வெளியூர்க்காரர்களுக்கு அப்படி நடக்கவில்லை.

இதற்குத் தீ எல்லாம்கூட வேண்டாம். மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, சிலரைக் கால் ஒத்து நடக்கவும் சிலரை இஷ்டம்போல் நடக்கவும் வைத்து, பிறகு ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். கால் ஒத்து நடந்த குழுக்களில் ஒருவரை ஒருவர் நம்பி ஒத்துழைப்பது கூடுதலாக இருந்தது. இது 2009இல் வெளியான ஆய்வு. ராணுவங்கள் இதைக் காலங்காலமாக அறிந்தே வைத்திருக்கின்றன. இன்றைய போரில் வரிசையாகக் கால் ஒத்து நடந்து யாரும் சண்டைக்குப் போவதில்லை, அணிவகுப்புப் பயிற்சி மட்டும் நிற்கவில்லை.

இந்த வேகம் நல்லதற்கு மட்டும்தான் பயன்படும் என்று நினைத்துவிடக் கூடாது. வெறுப்பை வளர்க்கும் கூட்டங்களுக்கும் இதே தாளம்தான், இதே தீப்பந்தம்தான்.

உடம்பை வருத்தும் சடங்குகள் ஏன் அழிந்துபோகவில்லை?

கஷ்டப்பட்டு அடைந்ததை மனம் லேசில் விட்டுக்கொடுக்காது என்பது ஒரு காரணம். 1959இல் ஆரன்சன், மில்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேரச் சில மாணவிகளுக்குக் கடும் கூச்சம் தரும் தேர்வு, சிலருக்கு லேசான தேர்வு, மற்றவர்களுக்குத் தேர்வே இல்லை. பிறகு கேட்கக் கிடைத்த உரையாடலோ படு போர், வேண்டுமென்றே அப்படித் தயாரித்தது. கடும் தேர்வைத் தாண்டி வந்தவர்கள்தான் அதை மற்றவர்களைவிடச் சுவாரசியமானது என்றார்கள்.

இன்னொரு காரணம், நடிக்க முடியாது என்பது. ‘உங்களில் ஒருவன் நான்’ என்று வாயால் சொல்ல எதுவும் ஆகாது. உடம்பையும் வசதியையும் கொடுத்துச் சொல்பவரை நம்பலாம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் முளைத்த கூட்டு வாழ்க்கைக் குடியிருப்புகளை ரிச்சர்டு சோசிஸ் ஆராய்ந்தார். மத அடிப்படையில் அமைந்தவை, கொள்கை அடிப்படையில் அமைந்தவற்றைவிட நீண்ட காலம் நிலைத்தன. மதக் குடியிருப்புகளுக்குள்ளும், உடை, உணவு, உடைமை என்று உறுப்பினர்களிடம் அதிகம் கேட்டவைதான் கூடுதல் காலம் நீடித்தன. மதம் சாராதவற்றில் இந்தக் கட்டுப்பாடுகள் அப்படி உதவவில்லை. கட்டுப்பாடு மட்டும் இருந்தால் போதாது, அது புனிதமானது என்ற எண்ணமும் வேண்டும் என்று சோசிஸ் இதை விளக்கினார்.

மொரிஷியஸில் தைப்பூசக் காவடியை வைத்து திமித்ரிஸ் சிகலாட்டஸ் குழுவினர் நடத்திய ஆய்வு தமிழ் வாசகர்களுக்குப் பரிச்சயமான காட்சியைக் கொண்டது. அலகு குத்திக் காவடி எடுத்தவர்களையும், கூட்டு வழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டவர்களையும் தனித்தனியே அழைத்து, கொஞ்சம் பணம் கொடுத்து, பொதுக் காரியத்துக்கு நன்கொடை தர வாய்ப்பளித்தார்கள். காவடி எடுத்தவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். அலகு குத்தாமல் கூடவே நடந்து வந்தவர்களும் அவர்களுக்குக் குறையாமல் கொடுத்திருக்கிறார்கள். வலி ஒருவருக்கு என்றாலும், அதன் விளைவு பக்கத்தில் வந்தவர்களிடமும் தெரிந்தது.

இதை வைத்துக்கொண்டு கல்லூரி விடுதியில் புதிய மாணவர்களை வதைப்பதை யாரும் நியாயப்படுத்த வேண்டாம். தானாக வேண்டிக்கொண்டு தாங்குவது வேறு, அடுத்தவர் மீது திணிப்பது வேறு. அந்த வதையில் பிள்ளைகள் செத்துப்போயிருக்கிறார்கள்.

தேர்வு, ஆட்டம், பயணம் என்றால் பகுத்தறிவாளர்கள்கூட ஏதாவது ‘ராசி’ பார்க்கிறார்களே?

நம் கையில் இல்லாத இடத்தில்தான் இது அதிகம். முதல் உலகப் போர் காலத்தில், பப்புவா நியூகினியை ஒட்டிய டிரோபிரியாண்டு தீவுகளில் தங்கியிருந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி இதைக் கண்டார். அமைதியான உப்பங்கழியில் மீன் பிடிக்கப் போகும்போது அந்த மக்கள் எந்த மந்திரமும் செய்வதில்லை. போனால் மீன் நிச்சயம், ஆபத்தும் இல்லை. ஆழ்கடலுக்குப் போகும்போது மட்டும் விரிவான மந்திரச் சடங்குகள் இருந்தன. அவர்கள் ஏமாளிகள் என்று பொருள் அல்ல. படகு கட்டுவதிலும் காற்றைக் கணிப்பதிலும் கைதேர்ந்தவர்கள். தெரிந்த வரைக்கும் திறமை, அதற்கு அப்பால் சடங்கு.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே சீன அறிஞர் சுன்சு இதை அழகாகப் பேசியிருக்கிறார். மழைக்காக வேண்டுகிறோம், மழை பெய்கிறது, எப்படி என்று கேட்டால், வேண்டாமல் இருந்தாலும் பெய்வது போலத்தான் என்கிறார். அதற்காகச் சடங்கை நிறுத்தச் சொல்லவில்லை. விவரம் அறிந்தவர் அதைப் பண்பாடாகப் பார்க்கிறார், மற்றவர் தெய்வச் செயலாகப் பார்க்கிறார் என்பது அவர் கருத்து. இருபத்து மூன்று நூற்றாண்டு கழித்தும் இதைவிட நிதானமான நிலைப்பாட்டை நான் பார்க்கவில்லை.

சாவுச் சடங்குகள் யாருக்காக?

போனவருக்காக என்று எல்லா மரபுகளும் சொல்கின்றன. இருப்பவர்களுக்கும்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

1907இல் ராபர்ட் ஹெர்ட்ஸ் என்ற இளம் ஆய்வாளர், போர்னியோவின் தயாக் மக்களிடம் இருந்த இரட்டைச் சாவுச் சடங்கைப் பற்றி எழுதினார். முதலில் உடலைத் தற்காலிகமாக ஓரிடத்தில் வைக்கிறார்கள். எலும்பு மட்டும் மிஞ்சிய பிறகு, சில சமயம் ஆண்டுகள் கழித்து, ஊரைக் கூட்டி விருந்து வைத்து, எலும்புகளை நிரந்தர இடத்துக்கு மாற்றுகிறார்கள். அதுவரை இறந்தவரின் ஆவியும் வழியில்தான் இருக்கிறது, குடும்பத்தாரும் துக்கக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறார்கள். உடல் ஒரு நொடியில் சாகிறது, சமூகத்துக்குள் ஒருவர் சாவதற்குக் காலம் பிடிக்கிறது என்பதை ஹெர்ட்ஸ் இதிலிருந்து காட்டினார். துக்கத்துக்கு நாள் கணக்கு வைக்கும் சடங்குகள் உலகம் முழுக்க இருப்பதன் காரணம் இதுதான். இத்தனை நாள் அழலாம், வேலைக்குப் போக வேண்டாம், மற்றவர்கள் சோறு கொண்டுவருவார்கள். இன்ன நாளுக்குப் பிறகு எழுந்து நடக்கத் தொடங்கு.

இந்த ஏற்பாடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2020இல் உலகமே பார்த்தது. இத்தாலியில் அந்த மார்ச் மாதம் இறுதிச் சடங்குகளே தடைசெய்யப்பட்டன. பல நாடுகளில் பத்துப் பேர், இருபது பேர் என்று வரம்பு. 17 ஏப்ரல் 2021 அன்று பிரிட்டன் இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்கில் முப்பது பேருக்குத்தான் அனுமதி. ராணி எலிசபெத் முகக்கவசத்தோடு ஒரு வரிசையில் தன்னந்தனியே உட்கார்ந்திருந்த படம் உலகெங்கும் பரவியது. சடங்கில் ஆர்வமே இல்லாத பலர் அந்த இரண்டு ஆண்டுகளில் ‘கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே’ என்று இடிந்துபோனார்கள்.

ஊர் கூடிச் செய்வது மட்டும்தான் சடங்கு என்றும் இல்லை. மைக்கேல் நார்ட்டனும் பிரான்செஸ்கா ஜீனோவும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், துணையை இழந்தவர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட சின்னச் சின்னச் சடங்குகளைப் பற்றிச் சொன்னார்கள். ஒருவர், முன்பு இருவருமாகச் சேர்ந்து போனது போலவே, மாதத்தின் முதல் சனிக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போகிறார், பதினைந்து ஆண்டுகளாக. அப்படிக் கிடைத்த விவரங்களில் பெரும்பாலானவை தனியாகச் செய்பவை, மதத்தோடு தொடர்பில்லாதவை. இழப்புக்குப் பிறகு இப்படி ஏதாவது செய்தவர்களுக்குத் துக்கம் கொஞ்சம் கட்டுக்குள் வந்ததாகவே அந்த ஆய்வு காட்டியது.

‘ஆதிகாலத்து வழக்கம்’ என்று சொல்பவை எல்லாம் உண்மையிலேயே பழையவையா?

பாதிக்கு மேல் இல்லை என்று பந்தயம் கட்டலாம். மணமகள் வெள்ளை உடை அணிவது ஐரோப்பாவின் தொன்மையான வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். 1840இல் விக்டோரியா ராணி அணிந்த பிறகுதான் அது பரவியது. அதற்கு முன் மணப்பெண்கள் பல நிறங்களில் உடுத்தினார்கள். ஒலிம்பிக் தீபத்தை கிரேக்கத்திலிருந்து ஓடி ஓடிக் கொண்டுவருவது பண்டைய வழக்கம் அல்ல, 1936இல் நாஜி ஆட்சியின் கீழ் நடந்த பெர்லின் போட்டிக்காக ஏற்படுத்தியது. ‘பழமை’ என்று சொல்லிப் புதிதாக உருவாக்கப்பட்ட இத்தகைய வழக்கங்களைப் பற்றி வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் ஒரு கட்டுரைத் தொகுப்பே கொண்டுவந்தார்கள்.

புதியது என்பதால் போலி என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாச் சடங்கும் என்றோ ஒருநாள் முதல் தடவையாக நடந்ததுதான். ஆனால் ‘ஆயிரம் வருஷமாக இப்படித்தான்’ என்று சொல்லி ஒருவர் வாயை அடைக்கும்போது, அந்த ஆயிரத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஜப்பானின் இசே ஆலயம் இந்தக் கணக்கையே குழப்பிவிடும். இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அளவில், அதே முறையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். முதல் தடவை 690இல். உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறாண்டுக்கும் மேல் விட்டுப்போனாலும், 2013இல் 62ஆவது தடவை நடந்தது. மரம் புதியது, செய்முறை 1,300 ஆண்டு பழையது. ஒரு தலைமுறைத் தச்சர் அடுத்த தலைமுறைக்குக் கை வேலையைக் கடத்தவும் இருபது ஆண்டு சரியாக இருக்கிறது.

மதம் இல்லாமல் சடங்கு நடத்த முடியுமா?

முடியும், ஆனால் மேலிருந்து ஆணை போட்டு நடத்துவது கடினம். பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் நாட்காட்டியையே மாற்றினார்கள். 8 ஜூன் 1794இல் புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் பாரிஸில் ‘பரம்பொருள் விழா’ ஒன்றை, செயற்கை மலை எழுப்பிப் பிரமாண்டமாக நடத்தினார். அடுத்த மாத இறுதியில் அவர் தலை போனது, விழாவும் போனது.

சோவியத் ஒன்றியம் இதைவிட நிதானமாகச் செய்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் திருமணம் முடிந்தது என்று வைத்துப் பார்த்தார்கள். மக்களுக்கு அது போதவில்லை. 1959இல் லெனின்கிராடில் ஒரு பழைய மாளிகையைத் ‘திருமண அரண்மனை’ ஆக்கி, இசை, கம்பளம், உரை என்று முழு வரிசையையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். கிழக்கு ஜெர்மனியில் 14 வயதுப் பிள்ளைகளுக்கான மதம் சாராத பருவ விழாவை அரசு கட்டாயம் போலவே நடத்தியது. அந்த அரசு 1990இல் மறைந்தது, விழா மறையவில்லை. அதன் வேர் 19ஆம் நூற்றாண்டுச் சுதந்திரச் சிந்தனையாளர் குழுக்களில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எளிமையாகவும் வெற்றிகரமாகவும் நிலைத்தது மௌன அஞ்சலி. முதல் உலகப் போர் முடிந்த முதலாம் ஆண்டு நிறைவில், 11 நவம்பர் 1919 காலை 11 மணிக்கு, பிரிட்டனிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் இரண்டு நிமிடம் எல்லாம் நின்றது. எந்த மதத்தின் வார்த்தையும் இல்லாததால் எல்லா மதத்தாரும் நிற்க முடிந்தது.

அரசுகள் சில சடங்குகளைத் தடைசெய்தது ஏன்?

சடங்கை எடுத்துவிட்டால் சமூகம் தானாக அவிழ்ந்துவிடும் என்று ஆட்சியாளர்களுக்குத் தெரியும். கனடாவின் மேற்குக் கடற்கரைப் பழங்குடிகள் ‘பாட்லாட்ச்’ என்ற விழா எடுப்பார்கள். தலைவர் பொருளைக் குவித்து வைத்து, வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுப்பார். வாங்கியவர்கள் அவருடைய பட்டத்துக்கும் உரிமைக்கும் சாட்சி ஆவார்கள். எழுத்து ஆவணம் இல்லாத சமூகத்தின் பதிவுத்துறை அது. ‘சொத்தை வீணாக்குகிறார்கள்’ என்று சொல்லி 1885 முதல் அரசு அதைத் தடைசெய்தது. 1921 கிறிஸ்துமஸ் சமயத்தில் ரகசியமாக நடந்த ஒரு பெரிய விழாவுக்காக 45 பேர் மீது வழக்கு. முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் சிறையில்லை என்றார்கள். அவை அருங்காட்சியகங்களுக்குப் போயின. 1951இல் தடை சட்டத்திலிருந்து நீங்கியது. பறித்தவற்றில் ஒரு பகுதி திரும்பி வந்து, 1980இல் அலர்ட் பே என்ற ஊரில் திறந்த பண்பாட்டு மையத்தில் இருக்கிறது.

கொடுமையான சடங்குகளும் உண்டே? அவற்றை எப்படி நிறுத்துவது?

உண்டு. பெண் பிறப்புறுப்புச் சிதைப்புக்கு ஆளாகி இன்று வாழ்பவர்கள் 23 கோடிக்கும் மேல் என்று யுனிசெஃப் 2024இல் கணக்கிட்டது. ‘பண்பாடு’ என்ற பெயர் இருப்பதால் இதைச் சும்மா விட முடியாது. யாரை உள்ளே விடுவது, யாரைத் தள்ளி நிறுத்துவது என்று காட்டவே நடக்கும் சடங்குகளும் ஏராளம். மேல் கீழ் என்பதை ஆண்டுதோறும் புதுப்பிக்கிற வேலையையும் சடங்கு கனகச்சிதமாகச் செய்யும்.

எப்படி நிறுத்துவது என்பதற்குச் சீனாவின் பாதம் கட்டும் வழக்கம் ஒரு பாடம். சிறுமிகளின் கால்விரல்களை மடக்கி இறுக்கிக் கட்டி, பாதம் வளரவிடாமல் செய்வார்கள். பல நூற்றாண்டுக் காலம் அரச ஆணைகளுக்கும் அது அசையவில்லை. காரணம், கட்டாத பெண்ணுக்கு வரன் கிடைக்காது என்ற பயம். ஒரு குடும்பம் மட்டும் நிறுத்தினால் அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்குத்தான் நஷ்டம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான சங்கங்கள் இந்த முடிச்சைச் சரியாகப் பிடித்தன. உறுப்பினர்கள் இரண்டு சத்தியம் செய்தார்கள்: எங்கள் மகளுக்குக் கட்ட மாட்டோம், எங்கள் மகனுக்குக் கட்டிய பெண்ணை எடுக்க மாட்டோம். பீஜிங்குக்குத் தெற்கே திங்ஷியன் பகுதியில் 1889இல் நூற்றுக்கு 99 பெண்களுக்குக் கட்டியிருந்தது, 1919 அளவில் ஏறத்தாழ இல்லாமலே போனது. ஒரே தலைமுறை.

செனகலில் மலிகுண்டா பம்பாரா என்ற ஊர்ப் பெண்கள் 1997இல் பெண் பிறப்புறுப்புச் சிதைப்பை நிறுத்துவதாக ஊரறிய அறிவித்தபோது கடும் எதிர்ப்பு வந்தது. அப்போது வேறோர் ஊரைச் சேர்ந்த ஓர் இமாம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்களெல்லாம் சேராமல் இது நிற்காது என்று சொல்லி, ஊர் ஊராக நடந்துபோய்ப் பேசினார். 1998இல் 13 ஊர்கள் சேர்ந்து அறிவித்தன. பிறகு அது மற்ற ஊர்களுக்கும் பரவியது. கவனித்தால், பழைய சடங்கை வீழ்த்தியதும் ஒரு சடங்குதான்: கூட்டம், சாட்சி, பொது வாக்கு.

வாழ்க்கையில் சில நிகழ்வுகளுக்குச் சடங்கே இல்லையே, நாமே ஒன்றை உருவாக்கலாமா?

கருச்சிதைவு, விவாகரத்து, வேலை போவது, முதியோர் இல்லத்துக்குப் போவது. எல்லாமே பெரிய மாற்றங்கள், ஆனால் வழக்கமாகப் பல மரபுகளில் இவற்றுக்கு ஒன்றும் கிடையாது. ஜப்பானில் பிறக்காமலே போன குழந்தைகளுக்கான ‘மிசுகோ குயோ’ நினைவுச் சடங்கு 1970களில்தான் பெரிதாகப் பரவியது. சிவப்புத் துணி கட்டிய சிறு கற்சிலைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். பெற்றோரின் குற்றவுணர்வைக் காசாக்குகிறார்கள் என்ற விமர்சனமும் அதன் மீது உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் யாரிடமும் சொல்ல முடியாத இழப்பைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் என்று வந்தவர்கள் பல லட்சம்.

உருவாக்குவதானால், சுருக்கமாக வையுங்கள். கைக்கு ஒரு வேலை இருக்கட்டும்: ஏற்றுவது, நடுவது, கையெழுத்திடுவது, ஒப்படைப்பது. நீண்ட உரை வேண்டாம். சாட்சியாக ஒருவராவது இருக்கட்டும். முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்படி முடியுங்கள்; பாதிச் சடங்குகள் சொதப்புவது முடிவில்தான்.

காணொளி அழைப்பில் கலந்துகொண்டால் போதுமா?

இல்லாததற்கு அது மேல். சாட்சி என்ற அளவில் வேலை செய்யும். ஒரே இடத்தில் நின்று ஒரே தாளத்தில் செய்வதால் வருவது திரையில் வராது. ஒலி அரை நொடி தாமதமாக வந்தாலே கூட்டுப் பாட்டு குலைந்துவிடும். தூரத்தில் இருப்பவருக்கும் அங்கே கையால் செய்ய ஒரு சின்ன வேலை கொடுத்தால் வித்தியாசம் தெரியும்.

குழந்தைகளைச் சடங்குகளுக்கு, குறிப்பாகச் சாவு வீட்டுக்கு, அழைத்துப் போகலாமா?

குழந்தைகள் சடங்கைப் பார்த்தே கற்றுக்கொள்பவர்கள். 2005இல் வெளியான ஒரு சோதனையில், ஒரு பெட்டிக்குள் இருக்கும் பரிசை எடுக்கச் சில தேவையான செயல்களையும், குச்சியால் மேலே தட்டுவது போன்ற தேவையில்லாத செயல்களையும் செய்து காட்டினார்கள். பெட்டி உள்ளே தெரியும்படி இருந்தபோது, சிம்பன்சிகள் தேவையில்லாததை விட்டுவிட்டுப் பரிசை எடுத்துக்கொண்டன. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் எல்லாவற்றையும் அப்படியே செய்தார்கள். சிம்பன்சி புத்திசாலி என்று சிரிக்கலாம். ஆனால் காரணம் புரியாமலே முழுமையாகப் பின்பற்றும் இந்தக் குணம் இல்லாவிட்டால் சடங்கை மட்டுமல்ல, மொழியைக்கூட அடுத்த தலைமுறைக்குக் கடத்த முடியாது.

சாவு வீட்டைப் பொறுத்தவரை, வர விரும்பும் குழந்தையைத் தடுக்கவும் வேண்டாம், விரும்பாத குழந்தையை இழுத்துப் போகவும் வேண்டாம். போவதற்கு முன் அங்கே என்னென்ன பார்க்கப் போகிறது, யார் யார் அழுவார்கள், உடல் எப்படி இருக்கும் என்று நேராகச் சொல்லுங்கள். ‘தூங்குகிறார்’ என்று சொன்னால் அன்றிரவு குழந்தை தூங்கப் பயப்படும். துக்கத்தில் அவ்வளவு நெருங்கியிராத ஒரு பெரியவரைக் குழந்தையோடு விடுங்கள், வேண்டும்போது வெளியே கூட்டிப்போக வசதியாக இருக்கும்.